1709: ஒரு குளிர்காலம் எதையெல்லாம் அசைத்தது, எதை அசைக்கவில்லை

1709 ஜனவரி 5ஆம் தேதி வரை பிரான்சில் குளிர்காலம் மிதமாகவே இருந்தது. மழை பெய்து நிலம் ஊறிக் கிடந்தது. அன்றிரவு வெப்பநிலை சரிந்தது. விடிவதற்குள் ஈரமண் கல்லாக இறுகிவிட்டது. அடுத்த மூன்று வாரங்களில் ரோன் ஆறு உறைந்தது, வெனிஸ் நகரைச் சூழ்ந்த உப்பங்கழி உறைந்தது, மார்செய் துறைமுகத்தின் கடல்நீரிலும் பனிக்கட்டி பிடித்தது. லண்டனுக்கு அருகே அப்மின்ஸ்டரில் பாதிரியாராக இருந்த வில்லியம் டெர்ஹாம் பல ஆண்டுகளாக வெப்பமானி அளவுகளைக் குறித்து வந்தவர். அவருடைய குறிப்பை இன்றைய அளவுக்கு மாற்றினால் மைனஸ் 12 டிகிரி செல்சியஸ் வருகிறது. அவர் அளவெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுவரை காணாத குளிர் அது.

1709ஐப் பற்றிய பட்டியல்களில் இந்த உறைபனி ஒரு வரியாகவும், ரஷ்யா ஸ்வீடனை வென்ற பொல்டாவா போர் இன்னொரு வரியாகவும், ஜெர்மனியின் மைசன் பீங்கான் மற்றொரு வரியாகவும் வந்துபோகும். அப்படி வரிவரியாகப் படித்தால் அந்த ஆண்டு பிடிபடாது. சில நிகழ்வுகளைக் குளிர் நேரடியாகத் தள்ளியது. சிலவற்றில் அது பல காரணங்களுள் ஒன்று. சிலவற்றுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதுதான் பயன் தரும்.

கோதுமை எப்படிச் செத்தது

குளிரென்றால் பயிர் சாகும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஐரோப்பியக் கோதுமை குளிர்காலத்தைத் தாங்கவே பழகிய பயிர். இலையுதிர் காலத்தில் விதைப்பார்கள். முளைத்துச் சில அங்குலம் வளர்ந்து நின்றுவிடும். அதன் வளர்முனை மண்மட்டத்தை ஒட்டியே பதுங்கியிருக்கும். மேலே பனி கொட்டினால் அந்தப் பனியே போர்வையாகி, வெளியில் எவ்வளவு குளிர்ந்தாலும் வளர்முனையைக் காக்கும்.

1709இல் அந்தப் போர்வைதான் இடையில் போனது. ஜனவரிக் கடைசியில் குளிர் தணிந்து பனி உருகியது. உருகிய நீர் மண்ணுக்குள் இறங்கியது. பிப்ரவரியில் குளிர் திரும்பியபோது நிலத்தின்மேல் போதிய பனி இல்லை. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். ஊறிய மண் அப்படி விரிந்து மேலெழும்பும்போது, அதில் பிடித்திருந்த வேர்கள் அறுந்தன. வளர்முனை நேரடியாகக் குளிர்காற்றில் நின்றது. முதல் உறைபனியைத் தாங்கிய பயிரும் உருகி மறுபடி உறைந்த அடுத்த சுற்றில் மடிந்தது. பிரான்சின் பெரும்பகுதியில் அந்த ஆண்டின் கோதுமை வயலிலேயே போயிற்று. மரங்களுக்கும் இதே கதி. சாறு உறைந்து விரிய, வாதுமையும் கஷ்கொட்டையும் தண்டு பிளந்தன. தெற்கே ஒலிவ மரங்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டுப்போயின. கோதுமை போனால் ஓராண்டு நட்டம். ஒலிவம் வேரிலிருந்து மீண்டும் துளிர்த்தாலும் காய்க்கப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

முந்தைய ஆண்டின் தானியம் களஞ்சியத்தில் இருந்த ஊர்களும் பட்டினி கிடந்தன. அன்றைய மாவு ஆலைகளில் பெரும்பாலானவை நீர்ச்சக்கரத்தில் ஓடியவை. ஓடை உறைந்தால் சக்கரம் நிற்கும், தானியம் இருந்தும் மாவு கிடைக்காது. பாரிசுக்குத் தானியமும் விறகும் பெருமளவு படகில்தான் வந்தன. சேன் ஆறு உறைந்ததும் அந்த வழி அடைபட்டது. வழி திறந்தபோது, கோதுமை இனி வராது என்ற செய்தி எங்கும் பரவியிருந்தது. வைத்திருந்தவர்கள் விற்காமல் பதுக்கினார்கள், விலை பல மடங்கு ஏறியது. கையிருப்பை எல்லாரும் அறிவிக்க வேண்டுமென்று ஏப்ரலில் அரசாணை வந்தது. அதற்குள் பல ஊர்களில் தானிய வண்டிகளைக் கூட்டம் மறித்துக்கொண்டிருந்தது.

உயிரைக் காப்பாற்றியது பார்லி. பட்ட கோதுமை வயலை வசந்தத்தில் உழுது பார்லி விதைத்தவர்களுக்கு அந்தக் கோடையில் நல்ல விளைச்சல் கிடைத்தது. கோதுமை அடியிலிருந்து தளிர்க்கும் என்று காத்திருந்தவர்களுக்கும், விதை பார்லி வாங்கக் காசில்லாதவர்களுக்கும் அந்த வாய்ப்பு போயிற்று. உழவர்களின் தலையெழுத்தை நிர்ணயித்தது அந்தச் சில வாரங்களில் எடுத்த முடிவுதான். பட்டினியும் அதன் பின்னால் வந்த காய்ச்சலும் சேர்ந்து 1709, 1710 ஆண்டுகளில் பிரான்சில் சுமார் 6 லட்சம் பேரைக் கூடுதலாகக் கொண்டுபோயின என்று மக்கள்தொகை ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். குளிரில் விறைத்துச் செத்தவர்கள் அதில் சிறு பங்கே.

கஜானா, சமாதானம், மால்ப்பிளாக்கே

பதினான்காம் லூயி அப்போது எட்டாவது ஆண்டாக ஸ்பானிய வாரிசுரிமைப் போரில் சிக்கியிருந்தார். நிலவரி விளைச்சலிலிருந்து வரவேண்டியது, விளைச்சலே இல்லை. அரசுக்குக் கடன் திரட்டித் தந்த பெரிய வங்கியாளர் சாமுவேல் பெர்னார் அந்த ஆண்டு லியோனில் கடன்களைத் தீர்க்க முடியாமல் தடுமாறினார். அரசர் தம் தங்கப் பாத்திரங்களை உருக்க நாணயச்சாலைக்கு அனுப்பினார்.

மே மாதம் ஹேக் நகரில், பிரான்சை எதிர்த்து நின்ற நேச நாடுகள் 40 பிரிவுகள் கொண்ட சமாதான நிபந்தனைகளை முன்வைத்தன. லூயி ஏறக்குறைய எல்லாவற்றையும் விழுங்கத் தயாராக இருந்தார். ஒன்றை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை. ஸ்பானிய அரியணையில் இருந்த தன் பேரன் ஐந்தாம் பிலிப் இரண்டு மாதங்களுக்குள் விலகாவிட்டால், அவரை இறக்க லூயியே துணை நிற்க வேண்டும் என்றார்கள். பேச்சு முறிந்தது. ஜூன் 12ஆம் தேதி அரசர் மாகாண ஆளுநர்களுக்கு எழுதிய கடிதம் அச்சாகி நாடெங்கும் பரப்பப்பட்டது. ஏன் போரைத் தொடர வேண்டியிருக்கிறது என்று குடிமக்களுக்கு அதில் விளக்கியிருந்தார். எவருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஆண்டுவந்த ஓர் அரசர் அந்த நிலைக்கு இறங்கி வந்ததைப் பெரிய திருப்பமாகவே கருத வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பஞ்சம் பிரெஞ்சுப் படையைக் கலைத்துவிடும் என்றே நேச நாடுகள் கணக்குப் போட்டன. ரொட்டி தட்டுப்பட்டது உண்மை. ஆனால் ஊரில் சோறில்லாத இளைஞர்களுக்குப் படையில் சேர்ந்தாலாவது ரொட்டி கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தது, ஆள்சேர்ப்பு நிற்கவில்லை. செப்டம்பர் 11ஆம் தேதி மால்ப்பிளாக்கேயில் மார்ஷல் வில்லார் இரண்டு காடுகளுக்கு நடுவிலிருந்த இடைவெளியை மண்மேடுகளால் அடைத்துக் காத்து நின்றார். நேச நாட்டுத் தளபதிகள் மார்ல்பரோவும் யூஜின் இளவரசரும் களத்தைப் பிடித்தார்கள். ஆனால் 20,000க்கும் மேற்பட்டோரை இழந்தார்கள். பிரெஞ்சுத் தரப்பின் இழப்பு அதில் பாதியளவு. வில்லாருக்கு முழங்காலில் குண்டு பாய்ந்தது, படையோ ஒழுங்காகப் பின்வாங்கியது. இவ்வளவு விலை கொடுத்த வெற்றி இங்கிலாந்தில் போர் எதிர்ப்பாளர்களின் குரலை உயர்த்தியது. 1713இல் உட்ரெக்டில் முடிந்த சமாதானத்தில் பிலிப் ஸ்பெயினின் அரசராகவே நீடித்தார்.

ரைன் கரையிலிருந்து ஹட்சன் கரைக்கு

ரைன் ஆற்றங்கரையின் பாலட்டினேட் பகுதியில் கெட்டது திராட்சைக் கொடி. 1707இல் பிரெஞ்சுப் படை சூறையாடிய நிலம். அதன்மேல் இந்தக் குளிர். அமெரிக்கக் குடியேற்றத்தைப் புகழ்ந்து ஜெர்மன் மொழியில் ஒரு கையேடு கைமாறிக்கொண்டிருந்தது. இங்கிலாந்து ராணி ஆன் கப்பல் செலவும் நிலமும் தருவார் என்ற பேச்சும் கூடவே பரவியது. மே மாதத்திலிருந்து சுமார் 13,000 பேர் ராட்டர்டாம் வழியாக லண்டன் வந்து சேர்ந்தார்கள். பிளாக்ஹீத் திடலில் படைக் கூடாரங்கள் அடித்துத் தங்கவைத்தார்கள். கத்தோலிக்கர்களில் பலரைத் திருப்பி அனுப்பினார்கள். சுமார் 3,000 பேரை அயர்லாந்துக்கு அனுப்பினார்கள். ஏறக்குறைய அதே எண்ணிக்கையினர் 1710இல் நியூயார்க் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள். வழியில் காய்ச்சலால் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

அங்கே அவர்களுக்கு இட்ட வேலை, ஹட்சன் ஆற்றங்கரைப் பைன் மரங்களிலிருந்து கடற்படைக்குத் தார் காய்ச்சுவது. கப்பற்செலவை அந்த உழைப்பால் கழிக்க வேண்டும். ஆனால் அங்கே மிகுந்திருந்த பைன் வகை போதிய பிசின் தராதது. மரத்தைப் பட்டை உரித்துப் பக்குவப்படுத்தத் தெரிந்தவர்களும் இல்லை. திட்டம் சில ஆண்டுகளிலேயே படுத்தது. மக்கள் ஸ்கோஹாரி பள்ளத்தாக்குக்கும் பென்சில்வேனியாவுக்கும் சிதறினார்கள்.

பொல்டாவா: குளிரும் பத்துக் காவலரண்களும்

ஸ்வீடனின் பன்னிரண்டாம் சார்ல்ஸ் அந்தக் குளிர்காலத்தை உக்ரைனில் கழித்தார். ஆயிரக்கணக்கான வீரர்கள் உறைந்து மடிந்தார்கள். விரல் கருகி வெட்டப்பட்டவர்கள் அதற்கு மேல். அதனாலேயே பொல்டாவாவில் ஸ்வீடன் தோற்றதைக் குளிரின் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் உண்டு. எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. குளிருக்கு முன்பே, 1708 இலையுதிர் காலத்தில், லெஸ்னாயாவில் சார்ல்ஸின் வழங்கல் வண்டித்தொடரை ரஷ்யர்கள் அடித்து நொறுக்கியிருந்தார்கள். உணவும் வெடிமருந்தும் அங்கேயே போயின. சார்ல்ஸுடன் கைகோத்த கசாக் தலைவர் மஸெப்பா சேர்த்துவைத்திருந்த கிடங்குகள் இருந்த பாத்தூரினையும் நவம்பரில் அழித்துவிட்டார்கள். குளிர் வந்து தாக்கியது ஏற்கெனவே வெறுங்கையாக நின்ற படையை.

போர்க்களத்தில் முடிவைத் தீர்மானித்தவை மண்ணாலான பத்துக் காவலரண்கள். ரஷ்ய அரசர் மகா பீட்டரின் ஆட்கள் ஆறு அரண்களை வரிசையாகக் குறுக்கே கட்டினார்கள். மேலும் நான்கை அந்த வரிசையிலிருந்து ஸ்வீடியரை நோக்கி நீட்டினார்கள். விடியுமுன் இருட்டில் அரண்களைக் கடந்து, அப்பாலுள்ள ரஷ்ய முகாமை எதிர்பாராமல் தாக்குவதே ஸ்வீடியத் திட்டம். குதிரைப்படை வந்து சேரத் தாமதமாயிற்று, வெளிச்சம் வந்துவிட்டது. தளபதி ரூஸின் ஆறு பட்டாளங்கள் மூன்றாம் அரணைப் பிடிக்க மறுபடி மறுபடி மோதின. மற்றவை கடந்து முன்னேறிவிட்டன. திட்டம் முழுவதும் எல்லாத் தளபதிகளுக்கும் சொல்லப்படவில்லை. அரணை விட்டுவிட்டுக் கடக்க வேண்டும் என்பது ரூஸுக்குத் தெரிந்திருந்தால் அங்கே அவ்வளவு ஆட்களை இழந்திருக்க மாட்டார். சில நாட்களுக்கு முன் காலில் குண்டு பாய்ந்த அரசர் தூக்குக் கட்டிலில் கிடந்தார். கட்டளையைப் பகிர்ந்துகொண்ட ரேன்ஷோல்டுக்கும் லேவன்ஹாப்டுக்கும் ஒத்துப்போகவில்லை. கடைசி மோதலில் சுமார் 4,000 ஸ்வீடியக் காலாட்கள் நான்கு பீரங்கிகளுடன், ஐந்து மடங்குக்கும் மேலான ரஷ்யக் காலாட்படையை எதிர்கொண்டார்கள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. மூன்று நாள் கழித்துப் பெரெவொலோச்னாவில் எஞ்சிய படை சரணடைந்தது. சார்ல்ஸ் துருக்கிய எல்லைக்குள் பெண்டரிக்குத் தப்பி, ஐந்து ஆண்டுகள் அந்தப் பேரரசின் மண்ணிலேயே இருந்தார்.

இந்தப் போரின் தேதியை நூல்களில் தேடுபவர்கள் குழம்பிப்போவார்கள். ரஷ்யக் குறிப்பில் ஜூன் 27, ஸ்வீடியக் குறிப்பில் ஜூன் 28, இன்றைய நாட்காட்டியில் ஜூலை 8. மூன்றும் ஒரே திங்கட்கிழமைதான். ரஷ்யா ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது; பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் அதற்கும் கிரிகோரியனுக்கும் 11 நாள் வேறுபாடு. ஸ்வீடன் படிப்படியாக மாறத் திட்டமிட்டது: 1700 முதல் 1740 வரை வரும் லீப் நாட்களையெல்லாம் விட்டுவிட்டால் 11 நாள் கரைந்துவிடும். 1700இல் விட்டார்கள். போர் மும்முரத்தில் 1704, 1708 ஆண்டுகளில் விடாமல் போனார்கள். அதனால் யாரோடும் சேராமல் ஒரு நாள் மட்டும் தள்ளி நின்றார்கள். 1712இல் பிப்ரவரிக்கு 30ஆம் தேதி ஒன்றைச் சேர்த்துப் பழைய கணக்குக்கே திரும்பினார்கள்.

இங்கிலாந்தில் இன்னொரு சிக்கல். அங்கே அப்போது சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல்தான். 1709 ஜனவரியில் நடந்ததை அன்றைய ஆவணம் 1708 என்றே எழுதும். போதாததற்கு, நாடாளுமன்றச் சட்டங்களைக் கூட்டத்தொடரின் முதல் நாளைக்கொண்டு தேதியிட்டார்கள். ஆசிரியருக்குப் பதிப்புரிமை வழங்கிய ஆன் ராணி காலத்துச் சட்டம் 1710 ஏப்ரலில் ஒப்புதல் பெற்று நடைமுறைக்கு வந்தது. ஆனால் தொடர் 1709 நவம்பரில் தொடங்கியதால் இன்றும் பலர் அதை 1709 என்று குறிக்கிறார்கள். ஐயம் வரும்போது கிழமையைப் பாருங்கள். எந்த நாட்காட்டியானாலும் கிழமை மாறாது.

அதே சோதனையை நம் பக்கத்து ஆவணத்திலும் செய்யலாம். புதுச்சேரியில் 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை பிறந்தது சென்னை பெரம்பூரில், சர்வதாரி ஆண்டு பங்குனியில், சனிக்கிழமை. கிரிகோரியன் கணக்கில் அது 1709 மார்ச் 30. அந்த நாளும் சனிக்கிழமையே. சில நாட்களில் விரோதி ஆண்டு பிறந்தது.

குளிர் எட்டாத இடங்கள்

சோழமண்டலக் கரையை அந்தக் குளிர் தொடவில்லை. ஆனால் அந்த ஆண்டு இங்கேயும் சும்மா போகவில்லை. ஜனவரியில் ஐதராபாத் அருகே முகலாய அரசர் முதலாம் பகதூர் ஷா தன் தம்பி காம் பக்ஷைத் தோற்கடித்தார். காயம்பட்ட தம்பி இறந்தார். ஔரங்கசீப்பின் மக்களுக்கிடையே நடந்த அரியணைப் போர் அதோடு முடிந்தது. திருவொற்றியூர், நுங்கம்பாக்கம் உள்ளிட்ட ஐந்து ஊர்களை அதற்கு முந்தைய ஆண்டு கம்பெனிக்குப் பெற்றுத்தந்த சென்னை ஆளுநர் தாமஸ் பிட் செப்டம்பரில் பதவி இழந்தார். தரங்கம்பாடியில், டேனிஷ் கோட்டைத் தலைவரோடு மோதியதால் நான்கு மாதம் டேன்ஸ்போர்க் கோட்டையில் அடைபட்டிருந்த ஜெர்மன் மதப்போதகர் சீகன்பால்கு மார்ச்சில் விடுதலையானார். ஜூலையில் கிரண்ட்லர் உட்பட மூன்று புதிய துணையாளர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். தமிழ் அச்சகம் அங்கே அமைய இன்னும் சில ஆண்டுகள் இருந்தன.

பசிபிக்கில் ஹுவான் பெர்னாண்டஸ் தீவில் நான்கு ஆண்டு நான்கு மாதம் தனியாகக் கிடந்த அலெக்சாண்டர் செல்கர்க்கை பிப்ரவரியில் உட்ஸ் ராஜர்ஸின் கப்பல்கள் மீட்டன. கப்பல் ஓட்டையாக இருக்கிறது, இதில் வரமாட்டேன் என்று அடம்பிடித்து இறங்கியவர் அவர். அந்தக் கப்பல் பின்னர் மூழ்கியே போனது. ஆகஸ்டில் லிஸ்பன் அரண்மனையில் பார்த்தலோமேயு த குஸ்மாவ் என்ற பாதிரியார், அடியில் நெருப்பு வைத்த சிறு காகிதக் கூட்டை அரசர் முன்னிலையில் மேலே பறக்கவிட்டார். முந்தைய முயற்சியில் அது தீப்பற்றியிருந்தது.

இரண்டு சூளைகள்

அந்த ஆண்டில் நெடுங்காலம் நிலைத்த வேலைகள் இரண்டும் சூளையில் நடந்தவை. குளிருக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை.

சாக்சனி அரசர் ஆகஸ்டஸின் காவலில் இருந்தவர் யோஹான் ஃப்ரீட்ரிக் பொட்கர். தங்கம் செய்வேன் என்று சொன்னதால் பிடித்துவைக்கப்பட்டவர். சிர்ன்ஹௌஸ் என்ற அறிஞரின் வழிகாட்டுதலில் பீங்கான் ஆய்வுக்குத் திரும்பினார். 1708 ஜனவரியில் அவர் எழுதிய சோதனைக் குறிப்பு கிடைத்திருக்கிறது. முதல் மாதிரியில் வெள்ளைக் களிமண் மட்டும். அடுத்த ஆறில் களிமண்ணும் அலபாஸ்டர் கல்லும் 4க்கு 1, 5க்கு 1 என்று தொடங்கி 9க்கு 1 வரை. ஐந்து மணி நேரம் சுட்ட பிறகு பார்த்தார்: தனிக் களிமண் வெளுத்திருந்தது, அலபாஸ்டர் மிகுந்த இரண்டும் உருகிச் சரிந்திருந்தன, அடுத்தது உருவம் நின்றும் நிறம் கெட்டிருந்தது, கடைசி மூன்றும் வெண்மையாக, ஒளி ஊடுருவும்படி நின்றன. அலபாஸ்டர் உருக்கியாக வேலை செய்கிறது. அது கூடினால் பாத்திரம் குழையும், இல்லாவிட்டால் களிமண்துகள்கள் கண்ணாடிபோல் இணையாது. 1709 மார்ச் 28ஆம் தேதி நல்ல வெள்ளைப் பீங்கான் செய்ய முடியும் என்று அரசருக்கு எழுதினார். 1710இல் மைசனில் ஆலை எழுந்தது. சிர்ன்ஹௌஸ் அதற்கு முன்பே, 1708 அக்டோபரில், இறந்துவிட்டார். பெருமையில் அவருக்குரிய பங்கை மறப்பது அநியாயம்.

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் கோல்புரூக்டேல் என்ற ஊரில் ஆபிரகாம் டார்பி பழைய ஊதுலை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துச் செப்பனிட்டு, 1709 ஜனவரி 10ஆம் தேதி மூட்டினார். இது ஆங்கிலத் தேதி. கிரிகோரியனில் ஜனவரி 21. இரும்புக்கு அதுவரை மரக்கரிதான். நிலக்கரியை அப்படியே போட்டால் அதிலுள்ள கந்தகம் இரும்பில் ஏறும். சூட்டில் அடித்தால் அந்த இரும்பு நொறுங்கும். டார்பி நிலக்கரியைக் குவித்து, காற்று அதிகம் புகாமல் மூடி, மெல்ல எரித்துக் கல்கரியாக்கினார். ஆவியாகக்கூடியவையும் கந்தகத்தின் ஒரு பகுதியும் வெளியேறும். இளமையில் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) அரைக்கும் ஆலைகள் செய்யும் பட்டறையில் தொழில் கற்றவர். அந்தத் தொழிலில் தானியம் உலர்த்தக் கல்கரி ஏற்கெனவே பழக்கத்தில் இருந்தது. அவருடைய ஊர்ப்பக்கத்து நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பதும் கைகொடுத்தது. கல்கரி மரக்கரியைவிட உறுதியானது. மேலே தாதுவையும் சுண்ணாம்புக்கல்லையும் உயரமாக அடுக்கினாலும் நசுங்கிக் காற்றை அடைக்காது.

இப்படிக் கிடைத்த இரும்பில் சிலிக்கன் கூடுதல். அது வார்க்கும்போது நீர்போல் ஓடும், மெல்லிய சுவருள்ள பானையாக நிற்கும். மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு டார்பி 1707இலேயே காப்புரிமை வாங்கியிருந்ததால் இந்த இரும்பு அவருக்குப் பொருத்தமாக அமைந்தது. அதே குணத்தால் கொல்லுப் பட்டறைக்காரர்களுக்கு அது உதவவில்லை. அடித்து நீட்டும் இரும்பாக மாற்றச் செலவு கூடியது. கல்கரி முறை நாற்பது ஆண்டுகள் மெதுவாகவே பரவியதற்கு இதுதான் காரணம். மற்றவர்கள் அறியாமையால் ஏற்கவில்லை என்பது தவறு. டார்பி 1717இல் இறந்தார். பட்டறைக்கு ஏற்ற கல்கரி இரும்பு அவர் மகன் காலத்தில், 1750களில்தான் வந்தது.

உலைக்குத் துருத்தி ஊதியது நீர்ச்சக்கரம். ஓடையைத் தேக்கிக் குளமாக்கி ஓட்டினார்கள். கோடையில் நீர் வற்றினால் உலை நிற்கும், நின்ற உலையை மீண்டும் சூடேற்ற நாட்களும் எரிபொருளும் வீணாகும். 1720களில் கோல்புரூக்டேல் நியூகொமென் நீராவி எந்திரங்களுக்கு இரும்பு உருளைகள் வார்த்துக் கொடுத்தது. 1740களின் தொடக்கத்தில் அத்தகைய எந்திரம் ஒன்றை அங்கேயே நிறுத்தி, சக்கரத்தைத் தாண்டி ஓடிய நீரை மறுபடி மேல்குளத்துக்கு இறைத்தார்கள். அதன் பிறகு கோடையிலும் உலை எரிந்தது.